கட்டைகள் சிரித்த நாளிலிருந்து

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பக்கத்துக் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் பழக்கம்தான். குவான் இம் சீனர்களின் கருணைத் தெய்வம். கிருஷ்ணன் கோயில் 1870இல் வந்தது, குவான் இம் கோயில் 1884இல். சீனர்கள் நம் கோயில் வாசலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் அம்மா என்னைக் கிருஷ்ணனிடம் கூட்டிப்போய்விட்டு, திரும்பும்போது குவான் இம் முன்னாலும் நிறுத்திக் கும்பிடச் சொல்வார். அதனால் போன ஆண்டு சீனப் புத்தாண்டுக் கூட்டம் வடிந்த பிறகு ஒருநாள் அங்கே மண்டியிட்டு மூங்கில் குவளையைக் குலுக்கியபோது, வேறு யாருடைய சாமியிடமோ போய்க் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குவளைக்குள் நூறு குச்சிகள். ஒரு குச்சி மட்டும் தானாக நழுவி விழும்வரை குலுக்க வேண்டும். விழுந்தது நமக்கான குச்சிதானா என்று உறுதிசெய்ய இரண்டு பிறைவடிவக் கட்டைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கீழே போட்டதும் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் கிடந்தால் ஆமாம். இரண்டும் உருண்டை முகத்தை மேலே காட்டினால் இல்லை. இரண்டும் தட்டை முகத்தைக் காட்டினால் அதற்குச் சிரிப்பு என்று பெயர்.

நான் கேட்டது: “அம்மா விஷயம் நல்லபடியா முடியுமா?” ஒரு குச்சி விழுந்தது. கட்டையைப் போட்டேன். சிரிப்பு. மறுபடி குலுக்கினேன், வேறு குச்சி விழுந்தது, கட்டையைப் போட்டேன். திரும்பவும் சிரிப்பு. எழுந்து வந்துவிட்டேன்.

செங்காங்கில் நாங்கள் இருக்கும் புளோக்கிலேயே இரண்டு மாடி மேலே ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். சீன மருந்துக்கடையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைத் “தங்காச்சி” என்று இழுத்துக் கூப்பிடுவார். லிஃப்டில் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு விழுந்தால் கேட்டது புரியவில்லை என்றோ, பதில் கேட்டவருக்கே தெரியும் என்றோ எடுத்துக்கொள்வது வழக்கம் என்றார். “நீ என்ன கேட்டே?” என்றார். சொன்னேன். தலையை ஆட்டினார். “சாமி என்ன செய்யும்? எனக்கே புரியல.”

அன்றிலிருந்து ஓராண்டுக்கு மேல் அவரிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் மூன்று காசுகளைத் தூக்கிப் போட்டுக் குறி பார்ப்பவர். காசு போடக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். கேள்வியை எழுதத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. அந்த நோட்டுப் புத்தகத்தில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் அவர் காசைக் கையில் கொடுக்கவில்லை. கேள்வியை எழுதிக்கொண்டு வா என்றார். எனக்கு ஹொக்கியன் பத்துச் சொல் தெரியும். அவருக்கு ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். ஆக, நாங்கள் பேசுவது பழைய சந்தை மலாய். தமிழில் எழுதியதை அந்த மலாயில் அவருக்குச் சொல்லியாக வேண்டும். “விஷயம்” என்ற சொல்லை மலாயில் சொல்லப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றேன். என்ன விஷயம்? அம்மாவின் முழங்கால் வலியா, அங் மோ கியோவில் அவர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடா, அவரை என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொள்வதா? “நல்லபடியா” அதைவிட மோசம். யாருக்கு நல்லபடியாக? “முடியுமா” என்றால் எப்போது முடிய? நம் வீடுகளில் நாளெல்லாம் புழங்குகிற சொற்கள் இவை. எதையும் நேராகச் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட நிம்மதியைத் தருகின்றன. சொல்வளம் குறைந்த ஒரு பாஷையில் சொல்லிப் பார்க்கும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது. இப்போதும் எந்தக் கேள்வியையும் முதலில் என் அரைகுறை மலாயில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுகிறேன்.

இரண்டாவது முறை எழுதிப்போனது: “அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தால் நல்லதா, அங்கேயே விட்டால் நல்லதா?” பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டார். “சாத்து சாத்து” என்றார். ஒவ்வொன்றாக. மூன்றாவது முறை இன்னும் நீளமாக எழுதினேன்: அம்மா என்னோடு இருந்தால் உடம்பும் மனசும் நன்றாக இருக்குமா, வீட்டை விற்ற பணம் கைக்கு வருமா, தம்பிக்கு மனத்தாங்கல் வராமல் இருக்குமா. அதில் நான்கு கோடு போட்டார். “அம்மா ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்?” என்று ஒருநாள் எழுதினேன். அதை முழுசாக அடித்துவிட்டு, ஏன் என்பதற்கு இங்கே இடமில்லை என்றார்.

ஏன் இடமில்லை என்பது அவருடைய முறையைப் பார்த்தால்தான் விளங்கும். அவர் பயன்படுத்துவது லியூ யாவ், ஆறு கோடு என்று அர்த்தம். அடிப்படை யி ஜிங் என்ற பழஞ்சீனக் குறி நூலின் 64 வடிவங்கள்தான். ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலாக ஆறு கோடுகள், முழுக்கோடு அல்லது உடைந்த கோடு. ஆனால் லியூ யாவில் நூலின் வாசகத்தைவிடக் கோடுகளுக்குத்தான் வேலை. ஹான் காலத்து ஜிங் ஃபாங் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்கு இது. ஒவ்வொரு கோட்டுக்கும் சீனப் பஞ்சாங்கத்தின் பன்னிரண்டு கிளைகளில் ஒன்று ஒதுக்கப்படும். கிளைக்கு ஒரு பூதம் உண்டு: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். அந்த வடிவம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பூதம் உண்டு. குடும்பத்தின் பூதத்தைப் பிறப்பிப்பது பெற்றோர் கோடு. அதிலிருந்து பிறப்பது பிள்ளைக் கோடு. அது அடக்குவது பணக் கோடு, மனைவி என்றும் சொல்வார்கள். அதை அடக்குவது அதிகாரிக் கோடு. இதற்கே பேய் என்றும் பெயர், நோயும் இதில்தான் வரும். அதுவேயானது உடன்பிறப்புக் கோடு.

கேள்வி கேட்பவர் செய்ய வேண்டிய முதல் காரியம், தன் கேள்வி இந்த ஐந்தில் எந்தக் கோட்டின் மேல் நிற்கிறது என்று சொல்வது. அந்தக் கோட்டுக்கு யோங் ஷென் என்று பெயர். பணம் வருமா என்றால் பணக் கோட்டைப் பார். வேலை கிடைக்குமா என்றால் அதிகாரிக் கோடு. மருந்து வேலை செய்யுமா என்றால் பிள்ளைக் கோடு, ஏனென்றால் பிள்ளைக் கோடு நோய்க் கோட்டை அடக்கும். நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்குமா என்றால் அங்கேயே இரண்டு கோடுகள் வந்துவிட்டன, இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. “நான் செய்யலாமா?” என்பதற்குக் கோடு கிடையாது. “ஏன்” என்பதற்கும் கிடையாது. கேள்வி மங்கலாக இருந்தால் பலன் மங்கலாக வரும் என்று மேலோட்டமாகச் சொல்வதில்லை அவர்கள். எந்தக் கோட்டைப் பார்ப்பது என்றே தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் காசு கைக்கு வந்தது. அவர் அப்பா காலத்தில் வீட்டிலிருந்த மூன்று காசுகள், சியென்லோங் என்ற சீனப் பேரரசர் பெயரில் வெளிவந்தவை. நடுவில் சதுர ஓட்டை, ஓரங்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. ஒரு பக்கம் நான்கு சீன எழுத்துகள், மறுபக்கம் இரண்டு மஞ்சுச் சொற்கள். சீன எழுத்துப் பக்கம் விழுந்தால் 2, மஞ்சுப் பக்கத்துக்கு 3. மூன்றையும் கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று வரும். 7 முழுக்கோடு, 8 உடைந்த கோடு. 9 வந்தால் உடையப்போகும் முழுக்கோடு, 6 வந்தால் சேரப்போகும் உடைந்த கோடு. ஆறு முறை போட்டுக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். எந்தப் பக்கத்துக்கு எந்த எண் என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மாற்றாமல் இருப்பதே முக்கியம் என்றார். காசு போடுமுன் அன்றைய மாதத்துக்கும் நாளுக்கும் உரிய கிளைகளைச் சீனப் பஞ்சாங்கத்தில் பார்த்து முதலில் எழுதிவிட வேண்டும். அவை இல்லாமல் கோட்டின் பலம் தெரியாது.

நான் எழுதிவைத்திருந்த கேள்வி: “அம்மா இந்த ஆண்டுக்குள் என் வீட்டுக்கு வந்து இருந்தால் அவருக்கு நன்றாக இருக்குமா?” ஒரு கேள்விதான், காலமும் சொல்லியிருக்கிறேன், நானே படித்துப் பார்த்துத் திருப்திப்பட்ட கேள்வி. காசு போட்டேன். 8, 8, 8, 7, 7, 7. எதுவும் மாறவில்லை.

கீழே மூன்று உடைந்த கோடுகள், மேலே மூன்று முழுக்கோடுகள். பன்னிரண்டாவது வடிவம், பெயர் பி. அடைப்பு என்று பொருள். வானம் மேலே போகிறது, பூமி கீழே இறங்குகிறது, இரண்டுக்கும் பேச்சில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. பெரியவர் பெயரைப் பார்க்கவே இல்லை. கோடுகளுக்குப் பக்கத்தில் உறவுகளை எழுத ஆரம்பித்தார். பி வடிவம் உலோகக் குடும்பம். உலோகத்தைப் பிறப்பிப்பது மண். மண் கிளைகள் முதல் கோட்டிலும் ஆறாவது கோட்டிலும் இருக்கின்றன. ஆக, பெற்றோர் கோடுகள் இரண்டு.

“இதுல எது உன் அம்மா?” என்றார்.

புரியாமல் பார்த்தேன். பெற்றோர் கோடு பெற்றோரை மட்டும் குறிப்பதில்லை. நம்மைக் காத்து மூடுகிற எல்லாமே அதில் அடக்கம்: வீடு, வாகனம், துணிமணி, பத்திரம். நான் அம்மாவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் ஒரே மூச்சில் கேட்டிருந்தேன். ஒரு கேள்வி என்று நினைத்த வாக்கியத்துக்குள் இரண்டு பெற்றோர் கோடுகள் ஒளிந்திருந்தன. அம்மா ஒன்று, அம்மா வந்து இருக்கப்போகும் வீடு இன்னொன்று.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு வடிவத்திலும் கேட்பவரின் இடம் ஒன்று உண்டு, ஷி என்பார்கள். பி வடிவத்தில் அது மூன்றாவது கோடு. அதில் உட்கார்ந்திருந்தது பணக் கோடு, மரம். மரம் மண்ணை அடக்கும். பென்சில் முனையை அங்கே வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். “தங்காச்சி, நீ உட்கார்ற இடத்துல காசு இருக்கு. உனக்குச் சந்தேகம் அம்மாவைப் பத்தியா, காசைப் பத்தியா?”

அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து இரவு நோட்டை எடுத்து, அம்மாவின் வீட்டை விற்றால் வரும் தொகையை எத்தனை முறை மனதில் கூட்டிப் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். பலமுறை. மூத்த மகனின் படிப்பு அதிலிருந்து போகும் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. அதை நான் கேள்வியில் எழுதவில்லை. எழுதாத அந்தப் பாதிதான் உண்மையில் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. காசுகளுக்கு அது தெரிந்திருந்தது என்று நான் வாதாட வரவில்லை. என் கேள்வியைப் பிரித்துப்போட்டுப் பார்க்க ஒரு சட்டகம் கிடைத்தது, அதில் விட்டுப்போன துண்டு எது என்பது தெரிந்துவிட்டது.

பணக் கேள்வியைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதினேன். அதற்குக் காசு போடவே இல்லை. மகனின் படிப்புச் செலவு எவ்வளவு, எங்களிடம் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெரிந்துவிடுகிற விஷயம் அது. சந்தேகமே இல்லாததைக் கேட்கக் கூடாது என்பது பழைய விதி. ஸுவோ ஜுவான் என்ற பழைய வரலாற்று நூலில் கி.மு. 701க்கு உரிய பதிவில், போருக்கு முன் குறி பார்க்கலாமா என்று கேட்ட தளபதிக்கு ஒருவர் சொல்கிறார்: குறி பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்க, சந்தேகம் இல்லையென்றால் எதற்குக் குறி? அம்மாவின் முழங்கால் பற்றியும் பெரியவர் இதையேதான் சொன்னார். பலதுறை மருந்தகத்தில் எடுத்த எக்ஸ்ரே இருக்கும்போது என்னிடம் எதைக் கேட்கிறாய் என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய் வாசித்தேன். கேள்வியை இவ்வளவு கறாராக எழுதும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழஞ்சீனாவின் ஷாங் வம்ச அரசர்களின் குறி எலும்புகள் வரை போகிறது அது. சீனாவின் ஆன்யாங் பக்கத்தில் கிடைத்தவை. ஆமையின் வயிற்றோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் பின்புறம் குழி வெட்டிச் சூடு வைப்பார்கள். முன்புறம் விரியும் வெடிப்பைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். பிறகு எல்லாவற்றையும் அதே எலும்பில் செதுக்கி வைப்பார்கள். அந்த எழுத்துகள் பழஞ்சீன எழுத்து என்று வாங் யிரோங் அடையாளம் கண்டது 1899இல்.

முழுமையான பதிவு நான்கு பகுதி கொண்டது. என்ன நாள், யார் குறி பார்த்தது என்பது முதலில். அடுத்தது முன்வைக்கப்பட்ட பொருள். மூன்றாவது அரசர் வெடிப்பைப் பார்த்துச் சொன்னது. கடைசியில் உண்மையில் என்ன நடந்தது. இரண்டாவது பகுதியைக் கேள்வி என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அதைக் கேள்வியாக இல்லாமல் கூற்றாகவே படிக்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். “மழை பெய்யும்” என்று ஓட்டின் ஒரு பக்கம், “மழை பெய்யாது” என்று மறுபக்கம். இரண்டையும் எழுதி வைத்து இரண்டுக்கும் சூடு வைக்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 1200இல் ஆண்ட வூ திங் அரசருக்குப் பல்வலி வந்தபோது, காரணமான மூதாதை யார் என்று பொதுவாகக் கேட்கவில்லை. தந்தை ஜியா காரணம், தந்தை ஜியா காரணமில்லை. தந்தை கெங் காரணம், காரணமில்லை. ஒவ்வொரு பெயராக, தனித்தனியாக. வாசித்தபோது எனக்குப் பெரியவரின் “சாத்து சாத்து” காதில் கேட்டது.

வூ திங்கின் அரசி ஃபூ ஹாவின் பிரசவம் பற்றிய பதிவுதான் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது. பிரசவம் நல்லதாக அமையும் என்று ஒரு கூற்று, நல்லதாக அமையாது என்று எதிர்க்கூற்று. அரசர் வெடிப்பைப் பார்த்து, திங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்கிறார். கீழே நடந்ததைச் செதுக்கியிருக்கிறார்கள்: முப்பத்தோராவது நாள், ஜியாயின் நாளில் பிறந்தது. நல்லதாக அமையவில்லை. பெண். பெண் பிறந்ததை நல்லதல்ல என்று எழுதியது ஒரு தாயின் மகளாக, எனக்கு வலிக்கிறது. ஆனால் அரசர் சொன்ன நாட்களில் பிறக்கவில்லை, விரும்பியபடி அமையவில்லை என்பதை அரசரின் எலும்பிலேயே வெட்டி வைத்திருக்கிறார்களே, அந்த நேர்மையை என்னால் மறக்க முடியவில்லை. அன்றே நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்தேன். நாள், கேள்வி, வந்தது, நடந்தது. அதுவரை என் நோட்டில் நான்காவது பத்தி கிடையாது.

ஏப்ரலில், யி ஜிங் வடிவத்தைக் காசுக்குப் பதில் குச்சிகளை எண்ணிப் பிரித்துக் கண்டுபிடிக்கும் குச்சிமுறைக்கும் போனேன். காசு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிடிக்காத பலன் வந்தால் கை உடனே மறுபடி காசை எடுக்கப் பார்க்கிறது. யி ஜிங்கின் நான்காவது வடிவமான மெங் இதைப் பற்றியே பேசுகிறது: முதல் முறை கேட்டால் சொல்கிறேன், இரண்டாவது மூன்றாவது முறை கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்ல மாட்டேன். சிங் காலத்து லியூ யாவ் நூலான ஸெங் ஷான் பு யி இதற்கு நேர்மாறாக, விளங்கவில்லையென்றால் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்கிறது. பெரியவர் அந்தக் கட்சி. நான் மெங் கட்சி. எனக்கு விளங்காமல் போனதைவிடப் பிடிக்காமல் போனதுதான் அதிகம் என்பதை நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. ஆகவே மறுபடி போடச் சுலபமில்லாத முறை வேண்டும் என்று தோன்றியது.

இதற்கு வழக்கமான யாரோ (yarrow) என்ற செடியின் தண்டுக்கு இங்கே எங்கே போவது? ஈரச்சந்தைக் கடையில் சாத்தே குச்சி ஒரு கட்டு வாங்கினேன். கூர்முனையை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கி, சிலாம்பு குத்தாமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்தேன். ஐம்பது தேற இரண்டு மாலைகள் ஆயின. ஐம்பதில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும், அது கடைசிவரை சும்மாவே இருக்கும். மிச்சம் 49. அதை யோசிக்காமல் இரண்டாகப் பிரித்து, வலக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து இடக்கைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் செருக வேண்டும். இரண்டு குவியலையும் நான்கு நான்காக எண்ணிக் கழித்து, கடைசியில் மிஞ்சுவதையும் விரலிடுக்கில் சேர்க்க வேண்டும். விரலிடுக்கில் முதல் முறை 5 அல்லது 9 குச்சிகள் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்து இன்னும் இரண்டு முறை செய்தால் ஒவ்வொரு முறையும் 4 அல்லது 8 வரும். மூன்று பிரிப்புக்கு ஒரு கோடு. ஆறு கோட்டுக்குப் பதினெட்டுப் பிரிப்பு. எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

முதல் தடவையே தகராறு. முதல் பிரிப்பில் விரலிடுக்கில் 4 குச்சிகள் இருந்தன. எண்ணியதில் தப்பு என்று திரும்பச் செய்தேன். 8. இன்னொரு தடவை. மறுபடி 4. ஐந்தும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் மொத்தக் குச்சிகளை எண்ணினேன். 48. ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. 48ஐ வைத்துச் செய்தால் முதல் பிரிப்பில் 4 அல்லது 8 மட்டுமே வரும். ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது 44 அல்லது 40 என்று சரியாகவே இருக்கும், அதனால் எண்ணாமல் விட்டிருந்தால் கடைசிவரை கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆனால் எந்தக் கோடு எவ்வளவு அடிக்கடி வரும் என்பது மாறிவிடும். 49 குச்சியில் மாறும் முழுக்கோடு பதினாறில் மூன்று பங்கு வரும், மாறும் உடைந்த கோடு பதினாறில் ஒரு பங்குதான். காசில் இரண்டுமே பதினாறில் இரண்டு. ஒரு குச்சி குறைந்தால் குச்சிமுறை காசுமுறையின் கணக்குக்கே வந்துவிடுகிறது. இப்போது தொடங்குமுன் ஐம்பதையும் எண்ணிவிட்டுத்தான் கேள்வியை வாய்விட்டுப் படிக்கிறேன்.

கேள்வியை வாய்விட்டுச் சொல்வதிலும் ஒரு கதை இருக்கிறது. கி.மு. 530இல் சீனாவின் லூ நாட்டில் நான்-குவாய் என்ற பெயருடைய அதிகாரி, தன் எசமான் குடும்பத்துக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்டான். குறி பார்த்தான், ஆனால் எதற்கு என்று பொருளைச் சொல்லாமல் பார்த்தான். “மஞ்சள் கீழாடை, மிகப் பெரும் நன்மை” என்ற வரி வந்தது. மகிழ்ந்துபோய் இன்னொருவரிடம் காட்டி, ஒரு காரியம் செய்யப் போகிறேன், எப்படி என்று கேட்டான். அப்போதும் எந்தக் காரியம் என்று சொல்லவில்லை. அவர் சொன்னார்: விசுவாசமான, நேர்மையான காரியமென்றால் நடக்கும், இல்லையென்றால் தோற்கும். கலகம் தோற்று அவன் சி நாட்டுக்கு ஓடினான். பொருளை மறைத்துக் கேட்டவனுக்கு மிக அழகான வரி கிடைத்தது. பணத்தை மறைத்துக் கேட்ட எனக்கு இந்தக் கதையைப் படித்ததும் கை சில்லிட்டது.

ஆகவே கேள்வியை அம்மாவிடமே படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அங் மோ கியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது படித்தேன்: “அம்மா அவருடைய வீட்டிலேயே இந்த செப்டம்பர் 30 வரை தனியாக இருந்தால், அன்றாட வேலைகளை விழாமல் செய்துகொண்டு இருப்பாரா?” உடல்நிலை என்ற மங்கலான சொல்லை எடுத்துவிட்டு விழாமல் என்று போட்டதில் எனக்குப் பெருமை இருந்தது. விழுந்தாரா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “நான் எங்கடி தனியா இருக்கேன்? எதிர்வீட்டு ஆ சோ காலையில வந்து கதவைத் தட்டாம மார்க்கெட்டுக்குப் போக மாட்டா. சாயங்காலம் கீழே அஞ்சு பேர் உட்கார்றோம். உன் வீட்டுக்கு வந்தாத்தான் பகலெல்லாம் தனியா இருப்பேன்.”

“தனியாக” என்ற சொல்லை அங்கேயே அடித்தேன். முதல் நாளிலிருந்து என் எல்லாக் கேள்வியிலும் அந்தச் சொல் இருந்திருக்கிறது, எழுதியதிலும் எழுதாததிலும். பெரியவர் கண்ணிலும் அது படவில்லை, அவருக்கும் அம்மாவைத் தெரியாதே. கேள்விக்குள் பதிலை வைத்துக் கட்டிவிடும் சொற்கள் இப்படித்தான் சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன. யாரைப் பற்றிய கேள்வியோ அவர் காதில் அது ஒருமுறை விழுந்தாக வேண்டும் என்று அன்று எழுதி வைத்தேன். என் வீட்டுக்கு வந்தால் என்ற மறுபாதிக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். அவர் வர நினைக்காதபோது அங்கே அசைகிற காரியம் எதுவும் இல்லை, அசையாததற்குக் குறி பார்ப்பதில்லை.

மறுநாள் இரவு குச்சியை எடுத்தேன். ஐம்பதும் இருந்தன. முதல் பிரிப்பில் 5, மிச்சம் 44. அடுத்து 8, மிச்சம் 36. அடுத்து 4, மிச்சம் 32. நான்கால் வகுத்தால் 8, உடைந்த கோடு. பிறகு 7, 7, 8, 7, 8. மாறும் கோடு இல்லை. நாற்பத்தெட்டாவது வடிவம், ஜிங், கிணறு. கோடு மாறாதபோது வடிவத்தின் வாசகத்தைப் படிக்க வேண்டும் என்பது சூ ஷி என்ற சீன அறிஞர் வகுத்த வழி. வாசகத்தின் முதல் வரி, ஊரை மாற்றலாம், கிணற்றை மாற்ற முடியாது.

படித்ததும் தொண்டை அடைத்தது. அம்மாவின் வீடு, ஆ சோ, கீழே உட்காரும் ஐந்து பேர், எல்லாம் அந்த ஒரு வரியில் இருப்பதாகத் தோன்றியது. மேலே போய்ப் பெரியவரிடம் காட்டினேன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை. மஞ்சள் கீழாடை ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முழுசாகப் படி என்றார். அதே வாசகத்தின் கடைசி: கயிறு மேலே வந்து சேரும் தறுவாயில் குடம் உடைந்தால் கேடு. நான் கேட்டது வீட்டைப் பற்றி இல்லை, விழுவதைப் பற்றி. அப்படியென்றால் எனக்குரிய வரி கிணறு இல்லை, குடம்.

அந்த வாரமே அம்மாவின் குளியலறையில் பிடிகம்பி வைக்க ஏற்பாடு செய்தோம். ஒன்று கழிப்பறைப் பக்கம், ஒன்று குழாய்ப் பக்கம். குழாய்ப் பக்கத்துக் கம்பி தன் கைக்குக் கொஞ்சம் உயரம் என்று அம்மா சொன்னதால் இறக்கி மாட்டச் சொன்னேன். எதிர்வீட்டு ஆ சோவின் தொலைபேசி எண் இப்போது என்னிடம் இருக்கிறது, என்னுடையது அவரிடம்.

நோட்டில் மூன்று பத்திகளையும் எழுதிவிட்டேன். நாள், “தனியாக” அடிக்கப்பட்ட கேள்வி, ஜிங் மாறாக்கோடு, அடியில் குடம் பற்றிய வரி. நான்காவது பத்தியில் செப்டம்பர் 30 என்று மட்டும் பென்சிலால் குறித்து இடம் விட்டிருக்கிறேன்.